போர்டு இல்லாத மெஸ்

இருபத்தெட்டுப் பேருக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவது என்று அமராவதிக்கு விளங்கவில்லை. கல்யாண வீட்டுக்கு எது, சாவு வீட்டுக்கு எது என்று நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தெரியும். திவாலானவரின் மனைவி ரிசீவரைப் பார்க்கப் போகும்போது எதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரைப் போய்க் கேட்பது?

"அந்த நீலத்த கட்டிக்க," என்றாள் முத்தம்மாள், சாம்பாரைக் கிண்டியபடியே. மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருப்பவள். "புதுசும் இல்ல, கிழிசலும் இல்ல. அழுவுற மாதிரியும் இருக்காது, சிரிக்கிற மாதிரியும் இருக்காது."

"பொடவை அழுவுமா முத்தம்மா?"

"நீ கட்டுனா அழுவும்."

கோர்ட்டிலிருந்து உறை வந்து மூன்று வாரம் ஆகிறது. கடலூர் ஓல்டு டவுனில் வலையும் கயிறும் இன்ஜின் சாமானும் விற்றுக்கொண்டிருந்த அவள் கணவர் நடனசபாபதி, கடனைக் கட்ட வழியில்லை என்று சப் கோர்ட்டில் ஐ.பி. என்கிற திவால் மனு கொடுத்திருந்தார். கோர்ட்டும் அவரைத் திவாலானவர் என்று அறிவித்துவிட்டது. அவர் பேரில் இருக்கும் சொத்தெல்லாம் இனி, விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்க கோர்ட் நியமித்த ரிசீவர் கையில். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அந்த உறையைப் பிரித்துத்தான் அமராவதி தெரிந்துகொண்டாள்.

சொத்து என்றால் ஒன்றே ஒன்று. சிதம்பரம் மாரியப்பா நகரில் அவள் நின்றுகொண்டிருந்த இந்த வீடு.

நடனசபாபதி ஊதாரி இல்லை. சுனாமிக்குப் பிறகு கரை கொள்ளாமல் நிவாரணத்துக்குப் புதுப் படகுகள் வந்து இறங்கின. அத்தனை படகுக்கும் வலை வேண்டியிருக்கும் என்று வட்டிக்கு வாங்கிச் சரக்கு இறக்கினார். படகு கொடுத்தவர்களே வலையும் சும்மா கொடுத்தார்கள். சரக்கு அப்படியே நின்றது. வட்டி நிற்கவில்லை. நாலு வருடம் சமாளித்தார். இந்த 2009-ம் வருடம் முடியவில்லை.

உறை வந்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. பூட்டிய கடையின் மாடியில் படுத்துக்கொள்கிறார். சாயங்காலம் ஒரு போன் வரும். "சாப்டியா?" என்பார். "ம்" என்பாள். "தீபி?" "படிக்கிது." அவ்வளவுதான்.

அண்ணன் வைத்திலிங்கம் உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்குக் கூட வந்திருப்பார். போன வருடம் தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் தீபிகாவுக்கு காலேஜில் பரீட்சை. அமராவதியின் வக்கீல் அருள்மொழி நேற்றே போனில் சொல்லிவிட்டாள்: "நான் விழுப்புரத்துல ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டேன்க்கா. நீங்க போய் ரிசீவரப் பாத்துப் பேசிட்டு வாங்க. எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."

எட்டரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

"எத்தினி?" என்றார் கண்டக்டர்.

"மஞ்சக்குப்பம் போவணும்."

"எத்தினி பேருன்னு கேக்குறேன்."

"ஒண்ணு."

அந்த ஒன்று என்ற சொல் புதுச்சத்திரம் தாண்டும்வரை அவள் காதில் கிடந்தது.

---

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால், தன் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்தார் ரிசீவர் ராமாமிர்தம். அறுபது வயதிருக்கும் வக்கீல். வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா மணவாளன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைங்க."

"ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"நான்தான் வந்திருக்கேன்."

மணவாளன் அவளுக்குப் பின்னால் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே கைகாட்டினார்.

ராமாமிர்தம் கடுகடுப்பான மனிதராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"வீட்டுல பாதி உங்களுதுன்னு ஆட்சேபணை குடுத்திருக்கீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஜட்ஜு விசாரிப்பாரு. அதுக்கு முன்னாடி என் பக்கம் ஒரு தரம் கேட்டுக்கறேன். மனை யாரு வாங்குனது?"

"அவருதாங்க."

"பத்திரம்?"

"அவர் பேர்ல."

"வீட்டு லோனு?"

"அதுவும் அவர் பேர்ல. மாசா மாசம் கட்டுனாரு. ரெண்டாயிரத்து ஏழுல முடிஞ்சுது."

"அப்ப நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"சோறு போட்டேன்."

வாசலில் டைப் சத்தம் நின்றது.

அமராவதி தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். வந்தது வேறு வரிசையில் வந்தது.

"அவரு கடையில வந்தத பேங்க்ல கட்டுவாரு. மிச்சத்துக்குச் சரக்கு எடுப்பாரு. வீட்டுச் செலவுக்குன்னு ஒத்த ரூபா குடுத்ததில்ல. நானும் கேட்டதில்ல. அரிசி, கரண்டு பில்லு, பொண்ணு பீசு, மாமியாருக்கு ஆஸ்பத்திரி, இவரு கடலூர் போய் வர சீசன் டிக்கெட்டு வரைக்கும் மெஸ்ஸு காசு. வீடு கட்ட ஆரம்பிச்சப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுங்க இது. ஒரு காசு வயித்துக்கு, ஒரு காசு செங்கல்லுக்கு. என் காசு சோறாப் போயிடுச்சி. அவரு காசு சுவரா நிக்குது. சுவருதான எல்லாருக்கும் தெரியிது."

ராமாமிர்தம் முன்னால் இருந்த கேஸ் கட்டை ஓரமாக நகர்த்தினார்.

"நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொண்டாட்டி வீட்டுக்குச் செலவு பண்ணா, குடும்பத்துக்காகப் பண்ணதுன்னுதான் கோர்ட்டு எடுத்துக்கும். கடன் குடுத்ததா எடுத்துக்காது, முதல் போட்டதாவும் எடுத்துக்காது. சாப்பாட்டுக்குப் போட்ட காசு சாப்பாட்டோட தீந்துபோச்சு. பேசி வச்சுத்தான் இப்படிப் பிரிச்சுக்கிட்டோம், அதனால சுவத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு நீங்க சொல்லலாம். நான் வேணாங்கல. ஆனா அதுக்கு மொதல்ல, உங்களுக்குன்னு ஒரு வருமானம் இருந்துச்சுன்னு காட்டணும். மெஸ்ஸு பேரு என்ன?"

"பேரு இல்லீங்க."

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"போர்டு வைக்கல."

"லைசென்ஸு? பேங்க் கணக்கு?"

"சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்கும். அதுல போட்டு அதுலேர்ந்து எடுப்பேன்."

பையிலிருந்து மளிகைக் கடை ரசீதுகளை எடுத்து வைத்தாள். ஆறு வருடத்து ரசீது, கயிறு போட்டுக் கட்டியது. ராமாமிர்தம் மேலே இருந்ததைப் பிரித்தார். 'நடனம் சார் வீடு' என்று இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. மளிகைக்காரர் பொம்பளை பேரில் ரசீது போடுவதில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார். அவளும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள்.

"மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் பத்து மூட்டை அரிசி," என்றார் ராமாமிர்தம். லேசாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. "இத வச்சு ஒரு கேள்வி கேக்கலாம். பதிலுன்னு சொல்ல முடியாது."

"சார், போன வாரம் கோர்ட்டு அமீனா வந்து எங்க அண்டா, கிரைண்டரெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாரு. அதுவும் போயிடுமா?"

"குடும்பத்துக்குச் சமைக்கிற பாத்திரத்த நாங்க தொடக் கூடாது. சட்டமே விட்டுடச் சொல்லுது. ஆனா நாலு ஆள் உள்ள உக்காரலாம் போல இருக்கிற அண்டா குடும்பப் பாத்திரமா? உங்களுக்குத் தொழில் உண்டுன்னா அது உங்க சாமான். தொழில் இல்லன்னா அவரு சாமான். ஏலத்துக்குப் போயிடும்."

"எனக்குத் தொழில் இல்லன்னு யாரு சொன்னா?"

ராமாமிர்தம் கேஸ் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரரு பிரமாணம் பண்ணிக் குடுத்த விவரம்."

ஐந்தாவது வரியில் இருந்தது. மனைவி: அமராவதி. தொழில்: இல்லத்தரசி. வருமானம்: இல்லை.

கீழே நடனசபாபதியின் கையெழுத்து. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது மேலே இருந்த எழுத்து. உருண்டையாக, ஒன்றை ஒன்று தொடாமல், கோடு போட்ட நோட்டில் எழுதியது மாதிரி. அந்தக் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவள் அவள்தான். தீபிகாவின் எழுத்து.

தேதியைப் பார்த்தாள். நாலு மாதத்துக்கு முந்தையது.

"இப்ப நீங்க வருமானம் உண்டுன்னு நிரூபிச்சா," என்றார் ராமாமிர்தம் மெதுவாக, "அவரு பொய்யா பிரமாணம் பண்ணதா ஆகும். கடன்காரங்க வக்கீலு அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. திவால் ஆனவர கைது பண்ணக் கூடாதுன்னு கோர்ட்டு இப்ப ஒரு பாதுகாப்பு குடுத்திருக்கு. அத ரத்து பண்ணுன்னு கேப்பாரு. அவர உள்ள தள்ளவும் இடமிருக்கு. தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்க. வீட்டுல யார்கிட்டயாவது கலந்து பேசிட்டு வாங்க."

"சரிங்க," என்றாள் அமராவதி.

வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரிடம் என்று அவர் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

---

ஓல்டு டவுனில் கடை ஷட்டர் பூட்டியிருந்தது. பின்பக்கப் படியில் ஏறினாள். படியிலேயே வலைக்கட்டுகள். பச்சையும் நீலமுமாக, கடலைப் பார்க்காத வலைகள். மாடியில் அந்தக் கட்டுகளில் ஒன்றின் மேல்தான் நடனசபாபதி உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. தாடியில் இவ்வளவு நரை இருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிய வாய்த்ததில்லை.

"வா," என்றார். பையைப் பார்த்தார். "என்னா கொண்டாந்த?"

"ஒண்ணும் கொண்டாரல."

அவர் தலையாட்டிக்கொண்டார்.

"ரிசீவர் வூட்டுலேர்ந்து வரேன்."

"என்னா சொன்னாரு?"

"எனக்கு வருமானம் இல்லன்னு நீங்க சொன்னதா சொன்னாரு."

நடனசபாபதி வலை நூலை விரலில் சுற்றினார்.

"தீபி எழுதுச்சி. என் வக்கீலு அவசரமா கேட்டாரு. எனக்குத்தான் எழுத்து கோணலா வருமே. நான் கையெழுத்து போட்டேன்."

"எங்கிட்ட சொல்லாம அவள கூப்ட்டு எழுத வச்சிருக்கீங்க."

"உனக்குத் தெரிஞ்சா ராத்திரி தூங்க மாட்ட."

"இப்ப தூங்குறனா?"

அவர் நூலை இன்னொரு சுற்று சுற்றினார்.

"கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்தப்ப என்னா தோணுச்சி?"

யோசித்தார். எதிரில் நிற்பவளிடம் ஒரு பொய்யை உருவாக்கிச் சொல்ல அவருக்கு வராது. அதுதான் அவரோடு இருக்கிற கஷ்டம்.

"ஒண்ணும் தோணல அமரா. எப்பவும் எழுதுறதுதான."

கீழே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் ஒழுக்கிக்கொண்டு போனது. அமராவதி அந்த ஈரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெஸ் தொடங்கிய புதிதில், சாப்பிட வந்த காலேஜ் மாணவர்கள் ஒரு போர்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். 'அமராவதி மெஸ்' என்று சிவப்பு எழுத்து. அப்போது இவர் இதே பஜாரில் வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். 'பொண்டாட்டி சோறு விக்கிறா, மச்சான் இங்க வலை விக்கிறாரு' என்று யாரோ கேலி செய்தார்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் அவளே போர்டைக் கழற்றி, மாவு சலிக்கும் இடத்தில் தரையில் போட்டுவிட்டாள். அவர் கழற்றச் சொல்லவில்லை. அது உண்மை. சொல்லாமலே செய்தாள்.

"வீடு போனா போவட்டும் அமரா," என்றார் அவர். "நீ நாளைக்கு சாட்சி கீட்சின்னு எதுவும் கொண்டுபோவாத. என்ன உள்ள வச்சிடுவாங்க. இந்த வயசுல என்னால முடியாது. ஒரு வாடக வூடு பாத்துக்கலாம்."

"வாடக யாரு குடுக்குறது?"

"அதான் நீ இருக்கியே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. நூலைச் சுற்றிய விரல் நின்றுவிட்டது.

அமராவதி சிரித்துவிட்டாள். சிரிப்பு வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"அப்ப வருமானம் இருக்கா எனக்கு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. படியில் இறங்கும்போது இரண்டு முறை நின்று பார்த்தாள். கூப்பிடுவார் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

---

திரும்பும் பஸ்ஸில் அருள்மொழியின் போன் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"வழி இருக்குக்கா. உங்ககிட்ட சாப்பிடறவங்க பத்துப் பேரு, மாசம் இவ்ளோ பணம் இவுங்க கையில குடுத்துச் சாப்பிடறோம்னு எழுதிக் கையெழுத்து போட்டா போதும். நாளைக்கு அத வச்சு வாய்தா வாங்கிடுவேன். அப்புறமா பழைய பசங்களத் தேடலாம். ஆனா சார் மேல அது திரும்பும். நீங்க ரெண்டு பேரும் பேசித்தான..."

"பேசியாச்சும்மா."

"என்ன முடிவு?"

பரங்கிப்பேட்டை பிரியும் இடத்தில் சிக்னல் போய்விட்டது. அவள் மறுபடி கூப்பிடவில்லை.

வீட்டில் தீபிகா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து வந்ததும் அம்மா வேலையில் பாதியை முடித்து வைத்திருந்தாள். அமராவதி புடவை மாற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா உனக்குத் தெரியும்."

தீபிகாவின் கத்தி நின்றது.

"அப்பா சொல்லாதன்னாரும்மா. ஒரு சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிட்டுப் போனேன் இல்ல, அன்னிக்குத்தான். அப்பா அழுதாரு. அப்பா அழுது நான் பாத்ததே இல்ல."

"எழுதுனது?"

"எதும்மா?"

"வருமானம் இல்லன்னு."

தீபிகா நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் செய்த முகம் இல்லை அது. உண்மையாகவே புரியாத முகம்.

"எல்லா பாரத்துலயும் அப்படித்தானம்மா எழுதுவோம். ஸ்கூலு பாரம், ஸ்காலர்ஷிப்பு, ரேஷன் கார்டு. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து. நீதான சொல்லிக் குடுத்த? நான் ஒரு தரம் மெஸ்ஸுன்னு எழுதிட்டேன்னு ரப்பர் வச்சு அழிக்க வச்ச. அப்பாவுக்குப் புடிக்காதுன்ன."

அமராவதிக்கு அது நினைவில்லை. ஆனால் மகள் சொன்ன மாத்திரத்தில் அழித்த இடத்தில் காகிதம் மெலிந்துபோனது வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று நாள் முழுக்க ஒரு ஆளைத் தேடி அலைந்திருந்தாள். அந்த இடமும் காலியாகிவிட்டது.

"ஒரு பேப்பர் எடுத்துக்க," என்றாள்.

"எதுக்கு?"

"எழுதணும். கோர்ட்டுக்கு."

தீபிகா எழுதினாள். அமராவதி சொல்லச் சொல்ல ஒரு இடத்தில் பேனாவை எடுத்துவிட்டாள்.

"அம்மா, இதக் குடுத்தா அப்பாவ..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வீடு போவட்டும், பரவாயில்ல. அண்டாவும் போச்சின்னா நாளையிலேர்ந்து நாம மூணு பேரும் என்னா பண்றது? உன் படிப்பு? உங்கப்பா சோறு? அவுரு உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் யாராச்சும் ஒருத்தர் அடுப்பு மூட்டணும் இல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அதுக்காவ மட்டும் இல்ல தீபி. பதினெட்டு வருஷம். ஒரு நாளாவது நான் சும்மா உக்காந்திருந்து நீ பாத்திருக்கியா?"

தீபிகா குனிந்து எழுதினாள். தாளில் ஒரு சொட்டு விழுந்தது. வெங்காயம் என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

---

ஏழரைக்குப் பையன்கள் வந்து கூடத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். தோசை, தக்காளிச் சட்னி. முதல் சுற்று போட்டு முடித்ததும் அமராவதி நடுவில் வந்து நின்றாள். பதினெட்டு வருடத்தில் இந்தக் கூடத்தில் அவள் "போதுமா", "இன்னொண்ணு வைக்கட்டா" தவிர வேறு பேசியதில்லை.

"ஒரு கையெழுத்து வேணும் உங்ககிட்ட," என்றாள். "புடிச்சா போடுங்க. போடலன்னாலும் தோசை உண்டு."

சிரிப்பு வந்தது. விவசாயம் கடைசி வருடம் படிக்கும் இளவரசு, திட்டக்குடிப் பக்கத்துப் பையன், தாளை வாங்கி எல்லோருக்கும் கேட்கப் படித்தான்.

"சிதம்பரம் மாரியப்பா நகரில் அமராவதி என்பவர் பதினெட்டு வருடங்களாகத் தன் சொந்த உழைப்பில் மெஸ் நடத்தி வருகிறார். நாங்கள் அவரிடம் மாதந்தோறும் பணம் கொடுத்துச் சாப்பிடுகிறோம்..."

தன் பேரும் மெஸ் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருவதை அமராவதி கேட்டுக்கொண்டு நின்றாள். வேறு யாரையோ பற்றிப் படிக்கிறார்கள் போலிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"அக்கா, மாதந்தோறும் பணம் குடுத்துன்னு போட்டிருக்கே," என்றான் இளவரசு. "எனக்கு ரெண்டு மாசம் பாக்கி. நான் போட்டா பொய் சாட்சி ஆயிடாதா?"

"ஒனக்கு மட்டும் தனியா அடிக்குறிப்பு போட்டுக்கலாம்டா," என்றது பின் வரிசை.

"எதுக்குக்கா இது?" என்று ஒருவன் கேட்டான்.

"இந்த மெஸ்ஸு என்னுதுன்னு சொல்றதுக்கு."

"ஒங்களுதுதானக்கா? இத யாராவது இல்லன்னாங்களா?"

அமராவதி தோசைக் கல்லுக்குத் திரும்பினாள். தாளும் பேனாவும் வரிசையில் கைமாறிப் போவது சமையலறை வாசல் வழியாகத் தெரிந்தது.

அடுத்த சுற்றுக்கு அவள் தட்டோடு வெளியே வந்தபோது, இரண்டாவது வரிசையின் கடைசியில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தார். வாசலில் இருபத்தெட்டு ஜோடிச் செருப்போடு தன் செருப்பையும் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்திருக்கிறார். தாடி மழித்திருந்தது. மடியில் துண்டு.

நடனசபாபதி இந்தக் கூடத்தில் பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவருக்கு எப்போதும் உள்ளே, தனியாக.

முத்தம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அமராவதியைப் பார்த்தாள். அமராவதி ஒரு தட்டை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு தோசை போட்டாள். சட்னி ஊற்றினாள். அவர் குனிந்தபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

பக்கத்துப் பையனுக்கு அவரைத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினான்.

"நீங்களும் இங்க சாப்பிடறவங்கதான சார்? போடுங்க."

தீபிகா எழுந்துவிட்டாள். அமராவதி அசையவில்லை.

நடனசபாபதி இடது கையால் தாளை வாங்கினார். முதல் வரியிலிருந்து படித்தார். மகளின் எழுத்து அவருக்கும் தெரியும். கீழே வரிசையாக இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சட்னி தட்டில் ஓடி தோசையை நனைத்தது. பிறகு நிமிர்ந்து தாளை அமராவதியிடமே நீட்டினார்.

"நான் ஏற்கெனவே வேற ஒண்ணுல போட்டுட்டேன்," என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"இத நாளைக்குக் குடுத்துடுவேன்."

"தெரியும். நீ படியில எறங்குனப்பவே தெரியும். அதான் சாப்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பையன்கள் ஒருவர் பின் ஒருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

அவர் மிச்சத்தைச் சாப்பிட்டார். எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். அமராவதி பின்வாசற்படி வரை போனாள்.

"பதினோரு மணிக்குத்தான?" என்றார், கையைக் கழுவியபடி, திரும்பாமல்.

"பதினொண்ணு."

"நானும் வரணும். கூப்ட்டிருக்காங்க."

"வாங்க. ஒரே பஸ்ல போலாம்." அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள். "அங்க போயி எந்தப் பக்கம் நிப்பீங்க?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கை எப்போதோ சுத்தமாகியிருக்கும். அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

அமராவதி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கூடத்துக்குத் திரும்பி, இருபத்தொன்பதாவது தட்டைக் குனிந்து எடுத்தாள்.